பாலாடை

எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு வெள்ளிப் பாலாடை. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, மூக்கு நீண்டது, விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல். அந்த வீட்டில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் பாலும் மருந்தும் புகட்டியது. இன்று அதில் இளநீரைத் தொட்டுத் தொட்டுக் குடிப்பவருக்கு 48 வயது. ஒரே நாளில் ஆயிரம் இலைக்குத் தளிகை பண்ணுகிற கல்யாணச் சமையல்காரர்.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி. என் ஜன்னலுக்கும் அந்தத் திண்ணைக்கும் நடுவே வீதியின் அகலம்தான் தூரம். பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன். அதிகம் பேசியதில்லை. இந்த மூன்று மாதத்தில் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் மட்டுமே இங்கே எழுதியிருக்கிறேன்.

வைகாசிக் கடைசியில் தில்லைநகர் மருத்துவமனை ஒன்றிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். வயிற்றில் ஐந்து துளைகள், ஐந்து பிளாஸ்திரி. கையில் கோடு போட்ட பிளாஸ்டிக் குப்பி. நிரப்பினால் 30 மில்லி. அதை ஒரே மடக்காகக் குடிக்கக்கூடாது, கால் மணி நேரத்துக்குப் பரப்பிக் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிள்ளை பிளாஸ்டிக்கில் குடிப்பதை அம்மாவால் பார்க்க முடியவில்லை. பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல்லி, பாலாடையைத் தேடி எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, குப்பியில் இருந்ததை அதில் ஊற்றி அளந்தாள். "மூணு பாலாடைடா ஒரு குப்பி. கணக்கு வெச்சுக்கோ" என்றாள். 80 வயதை நெருங்கியவள். ஒரு தடவை அவள் கையே அவர் வாயருகே போய், பாதியில் நின்று, பாலாடையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியது. அன்று நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

138 கிலோ இருந்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி. எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது அவருடைய குறட்டை. வீதியைத் தாண்டிக் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நின்றுவிடும். பத்து எண்ணுவேன், பதினைந்து எண்ணுவேன். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருகிறவர் மாதிரி ஒரு பெரிய இழுப்பு. தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் அது. அந்த நிசப்தத்தில் அவர் மனைவி என்ன எண்ணியிருப்பாளோ.

ஆனாலும் அறுவைக்கு முதலில் சம்மதிக்காதவள் அவள்தான். 2024 ஏப்ரலில், எடைக்குறைப்பு அறுவைக்காகச் சென்னை போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்துபோன செய்தியைக் கத்தரித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தாள். அவள் பயம் நியாயமானது. மயக்க மருந்திலும், வெட்டிய இடம் கசிவதிலும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதிலும் ஆபத்து உண்டு. ஆசியர்களுக்கு உடல் நிறை எண் 37.5, சர்க்கரை போன்ற நோய்கள் கூட இருந்தால் 32.5 என்று நெடுங்காலமாக ஒரு வரம்பு வைத்திருந்தது அழகுக்காக அல்ல. இவர் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டவர்.

அவருக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக நீளவாக்கில் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளே மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழல். 100, 150 மில்லி கொள்ளும். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பும் பெரும்பாலும் அந்த வெட்டி எடுத்த மேல் வளைவில்தான் ஊறுகிறது. அதனால் முதல் சில மாதங்களுக்குப் பலருக்குப் பசியே தெரிவதில்லை. அவர் மணிக்கு மணி பாலாடையை எடுத்தது பசித்து அல்ல. செல்போன் அலாரம் அடித்தது, எடுத்தார்.

வீதிக்கு இது புரியவில்லை. "வாயைக் கட்டத் தெரியாம வயித்தை வெட்டிண்டான்" என்று ஒருவர் பால் பூத்தருகே நின்று சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். சொன்னவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தச் சொல் கொடுமையானது. கல்யாணச் சமையல்காரர் எப்போது சாப்பிடுகிறார் என்று அவர் யோசித்ததில்லை. விடியற்காலை 3 மணிக்கு அடுப்பு மூட்டுகிறார். டிகாக்ஷன் காபியிலேயே 11 மணி வரை ஓட்டுகிறார். கடைசிப் பந்தி எழுந்தபின் மாலை 4 மணிக்கு, மிஞ்சியதை, நின்றபடியே, பத்து நிமிடத்தில் முடிக்கிறார். ராத்திரி ரிசப்ஷன் முடிந்து 12 மணிக்கு மறுபடியும். முப்பது வருஷம் இப்படி. இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்ததும், பிள்ளையைப் படிக்க வைத்ததும் அந்த முப்பது வருஷம்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று நாம் சொல்வோமே, அதை இவர் தம் தொழிலிலேயே செய்தவர்.

ஆனி கேட்டையன்று கோயிலில் ஜேஷ்டாபிஷேகம். காவிரியிலிருந்து யானைமேல் தங்கக்குடத்தில் தீர்த்தம் வந்தது. மறுநாள் திருப்பாவாடை. பெருமாள் முன் சாதத்தைக் குவித்து, நெய்யும் மாம்பழமும் பலாச்சுளையும் சேர்த்து அமுது செய்விக்கும் நாள். தொன்னையில் பிரசாதத்தோடு ஆட்கள் வீதியில் வந்தபடி இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வழக்கம்போல அவரிடமும் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அம்மாவிடம் கொடுத்தார். பிறகு விரல் நுனியை முகர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். எங்கேயும் எழுந்து போகவில்லை.

முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம். சாத்துமதுத் தெளிவை வெள்ளைத் துணியில் வடிகட்டினார்கள். வெண்ணெய் எடுத்த மோர், பருப்புத் தண்ணி, மாவைக் கரைத்த புரதப் பானம். அந்தப் பானம் அவருக்கு ஆகவில்லை. முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரியும். முட்டை, மாமிசம் தொடாத வீடு; ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் எங்கிருந்து வரும் என்று மனைவி பழைய கல்யாணச் சாமான் பட்டியல் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுத ஆரம்பித்தாள். ஒரு காலத்தில் இருபது படி பருப்பு என்று எழுதிய நோட்டில், பருப்பு 3 ஸ்பூன், தயிர் 4 ஸ்பூன், பனீர் 2 துண்டு.

மூன்றாம் வாரத்திலிருந்து மசித்த உணவு. பாசிப்பருப்பும் அரிசியும் குழையக் குழைய வேகவைத்து, சல்லடையில் தேய்த்து எடுத்தது. தட்டு மாறிவிட்டது, பேத்தியின் சின்னக் கிண்ணம், அதன் ஸ்பூன். 20 நிமிடம் சாப்பாடு. முன்னும் பின்னும் அரை மணி தண்ணீர் கிடையாது. அதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது போலிருக்கிறது. அடுப்படியில் வியர்வை சொட்டச் சொட்டச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்ட மனிதர். கை தன்னால் சொம்புக்குப் போகும். "ஏன்னா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். கை திரும்பிவிடும்.

ஐந்தாம் வாரம் ஒரு காலையில் அரை இட்லி. பாதி வரை நன்றாகத்தான் போயிற்று. அந்த நேரம் போன் வந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் கேட்டு யாரோ. பேசிக்கொண்டே ஒரு விள்ளல், மெல்லாமல் விழுங்கிவிட்டார். போனை வைத்தார். மார்பைப் பிடித்தார். வாயில் எச்சில் ஊறி வழிந்தது. திண்ணையோரச் சாக்கடையில் குனிந்தவருக்கு நுரைதான் வந்தது, வெகுநேரம் கழித்து அந்த ஒரு விள்ளல். யார்மீதும் தப்பில்லை. ஆனால் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், மனைவி கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது: "இட்லி நன்னாத்தான் இருந்தது. நான்தான் அதைக் கவனிக்கலை."

அதன்பிறகு அவர் சாப்பிடுவதைப் பார்ப்பது வேறு அனுபவமாயிற்று. போன் உள்ளே போய்விடும். பேப்பர் மடிந்துவிடும். ஒரு ஸ்பூன், 25 தடவை மெல்லல், ஸ்பூனைக் கீழே வைத்தல். மூக்கில் லேசாக நீர் வரும், இல்லாவிட்டால் ஒரு விக்கல். வயிறு நிறைந்ததற்கு அந்தக் குழலுக்குத் தெரிந்த சமிக்ஞை அது. அதற்கப்புறம் ஒரு பருக்கை கிடையாது, கிண்ணத்தில் மிச்சம் இருந்தாலும். உணவை வீணாக்கக்கூடாது என்று வளர்ந்தவர் மிச்சம் வைக்கக் கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை! அம்மா அந்த மிச்சத்தை வாங்கித் தான் சாப்பிட்டுவிடுவாள்.

மருத்துவர்கள் நடக்கச் சொல்லியிருந்தார்கள். மாலையில் உத்திர வீதி ஒரு சுற்று, பிறகு கோயிலுக்குள். நானும் இரவு நடையில் அவருக்குப் பின்னால் பலமுறை போயிருக்கிறேன். தன்வந்திரி சந்நிதி முன் உட்கார்வார். அந்த இடத்துக்கு ஒரு நீண்ட கதை உண்டு. இந்தக் கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்று இருந்தது. படையெடுப்பில் சிதைந்த அதை ஸ்ரீநிவாசர் என்ற கருடவாகன பட்டர் புதுப்பித்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அரங்கனுக்கு ஒருநாள் தயிர்சாதத்தோடு நாவல்பழம் சமர்ப்பித்துவிட, திருமேனி வாடியதை ராமானுஜர் முகம் பார்த்தே கண்டுபிடித்துக் கஷாயம் பண்ணச் சொன்னார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றும் இரவில் பெருமாளுக்குக் கஷாயம் உண்டு. பள்ளிகொண்ட தெய்வத்துக்கே ஜீரணம் ஆகவேண்டும் என்று கவலைப்பட்ட ஊர் இது. அதனால்தான் பால் பூத்தில் கேட்ட சிரிப்பு எனக்கு ஆறவில்லை.

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் கூட்டம். படித்துறையில் சம்படங்கள் திறந்தன. புளியோதரை, தேங்காய்ச்சாதம், எலுமிச்சை, சர்க்கரைப்பொங்கல், தயிர்சாதம். ஏழு வாரம் ஆகியிருந்தது. அவருக்கு வாழை இலையில் ஒரு சின்ன நறுக்கு, அதில் தயிர்சாதம் இரண்டு ஸ்பூன். அறுவைக்குப் பிறகு அவர் உட்கார்ந்த முதல் இலை. ஆற்றைப் பார்த்தபடி அரை மணி நேரம் சாப்பிட்டார். முடித்ததும் இலையைத் தம் பக்கம் மடித்தார். விருந்து நன்றாக இருந்தால் அப்படித்தான் மடிப்பார்கள்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் மறுபடி அடுப்படிக்கு வந்துவிட்டார். நானும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். எடை 115க்கு வந்திருந்தது. வேஷ்டி இரண்டு சுற்று அதிகம். குடுமி மெலிந்திருந்தது, இந்த அறுவைக்குப் பின் மூன்றாம் மாதம் முடி கொட்டுவது பலருக்கும் உண்டு, பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். இடுப்பில் ஒரு சுருக்குப்பை, அதில் வெற்றிலை இல்லை: பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள். ஆயுசுக்கும் அவை வேண்டும், ஆயுசுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். உருளியில் அக்காரவடிசில் கொதித்தது. உதவியாள் கரண்டியில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அவர் வாங்கவில்லை, ஆவியை முகர்ந்து, "குங்குமப்பூ போட்டாச்சு, நெய் இன்னும் ஒரு ஆழாக்கு" என்றார். கோயில் மடைப்பள்ளியில் ருசி பார்த்தா தளிகை பண்ணுகிறார்கள்?

முதல் பந்தி முடியும்முன்பே, 11 மணிக்கே, உக்கிராண அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தம் கிண்ணத்தைத் திறந்தார். பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் பாசத்தோடு ஓடி வந்தார். "மாமா, இவ்வளவு பண்ணிட்டு இதென்ன கொறிக்கிறேள்? ஒரே ஒரு கரண்டி, எனக்காக!" அவர் கை கூப்பினார். பெரியவர் விடவில்லை. இலையைக் கொண்டுவரச் சொன்னார். பத்து நிமிடம் அந்த மன்றாடல் நடந்தது. கிண்ணத்தில் இருந்தது ஆறிப்போயிற்று.

அன்று ராத்திரி எதிர்வீட்டில் குறட்டைச் சத்தம் இல்லை. ஒரு மாதமாகவே இல்லை.

இனி வருகிற முகூர்த்தங்களில் உங்கள் பந்தியிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். ஒரு பிடியோடு கை நின்றுவிட்டால் கரண்டியை நீட்டாதீர்கள், ஏன் என்றும் கேட்காதீர்கள். அவர் சாப்பிட்டாயிற்று.