பெக்டனில் ஒரு மணிக்கூடு

அக்டோபர் 7, செவ்வாய்

பின்னேரம் ஆறே முக்காலுக்குக் குட்ஜிம் ஓட்டக் குழுவில் ஒன்பது பேர் சேர்ந்தோம். எல்லோர் நெற்றியிலும் விளக்கு, எல்லோர் உடம்பிலும் சிவப்பு ரீசேர்ட். சுரங்கத்துக்குள் இறங்கப் போகிற கூட்டம் மாதிரி இருந்தது. கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாமில் கிரீன்வேயில் ஏறி மூன்று கிலோமீற்றர் ஓட்டம், ஒரு பொதுத் தோட்டத்தில் முக்கால் மணித்தியாலம் வேலை, பிறகு அதே வழியே திரும்பி ஓட்டம்.

கிரீன்வே பெயருக்குத்தான் பச்சை. உண்மையில் அது ஒரு சாக்கடையின் முதுகு. 1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றத்தில் பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்தில் தோய்த்துத் தொங்கவிட்டார்களாம். அதற்குப் பிறகுதான் ஜோசப் பசல்ஜெட் நகரத்துக் கழிவைக் கிழக்கே கொண்டுபோகும் பெருங்குழாய்களைக் கட்டினார். அந்தக் குழாய்களை மூடிய மண்மேட்டில்தான் நாங்கள் ஓடுகிறோம். குளிருக்கு மணம் தெரியாது. யூலையில் தெரியும், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடவும் முடியாது.

தோட்ட வாசலில் லொறி கொட்டிவிட்டுப் போன கூட்டெருவை உள்ளே பாத்திகளுக்குக் கொண்டுபோக வேண்டும். தள்ளுவண்டி மூன்று, சவள் ஐந்து. மண்வெட்டியால் குனிந்து இழுத்துப் பழகிய முதுகுக்குச் சவள் ஒத்துவரவில்லை. ஆனால் ஓடிவந்த சூடு ஆறுமுன்னரே கை வேலையில் இறங்கிவிட்டது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போயிருந்தால் முதல் கால் மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு குளிரைத் திட்டியிருப்பேன்.

ஊரில் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை சிரமதானம் நடக்கும். புல்லுச் செருக்கி, கிணறு இறைத்து, கடைசியில் பிளேன்ரீயும் பணிசும். இங்கே பிளேன்ரீக்குப் பதிலாகக் குழுப்படம். "சவளைத் தூக்கிப் பிடியுங்கள், சிரியுங்கள்" என்று நிற்கவைத்த நேரத்துக்குள் இன்னும் இரண்டு வண்டி தள்ளியிருக்கலாம். நானும் சிரித்தேன்தான்.

கதவைத் திறந்த கணவர் என் சப்பாத்தைப் பார்த்தார். "ஊரில மாமி முற்றம் கூட்டச் சொன்னா ஓடி ஒளிக்கிற ஆள். இஞ்ச ஓடிப்போய் மண் அள்ளுறீர்."

அக்டோபர் 16, வியாழன்

குற்றப்பதிவுச் சோதனை முடிந்து, இன்று முதல் தடவையாக என்னுடைய கோச் வீட்டுக்கு ஓடிப் போனேன்.

கோச் என்றால் எனக்கு ஓடக் கற்றுத்தருகிறவர் அல்ல. தனியாக இருக்கும் வயதானவர். கிழமைக்கு ஒருமுறை அவர் வீட்டுக்கு ஓடிப்போய், இருந்து கதைத்துவிட்டு, ஓடித் திரும்புவது. அவர் காத்திருப்பதால்தான் நான் சப்பாத்துப் போடுகிறேன். ஆகவே பயிற்சியாளர் அவர். 2009-இல் இதே கிழக்கு லண்டனில் குட்ஜிம்மைத் தொடங்கிய ஐவோ கோம்லியின் கணக்கு இது. ஜிம்மில் வீணாகும் சக்தியைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று யோசித்தவர். உதவி பெறுகிறவருக்கே பட்டத்தைக் கொடுத்தது நல்ல தந்திரம் என்று முதலில் வாசித்தபோது நினைத்தேன். கொஞ்சம் விளம்பர வாசனையும் அடித்தது.

என் கோச் இருப்பது பெக்டனில், நாலு கிலோமீற்றர். எண்பதைத் தாண்டியவர். இளவயதில் றோயல் டொக்ஸில் கப்பல் சாமான் இறக்கியவர். 1981-இல் அந்தத் துறைகள் மூடப்பட்டன. இப்போது இரண்டு துறைகளுக்கு நடுவே சிட்டி விமான நிலையத்தின் ஓடுபாதை. தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை நிறுத்துகிறார். போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறார்.

என்னை 'லவ்' என்கிறார். அந்தப் பக்கத்தில் பஸ் சாரதியும் அப்படித்தான். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். அப்பாவின் வயது, வாய் வரவில்லை. எப்படியும் கூப்பிடாமலே ஒரு மணித்தியாலம் கதைத்து முடித்தேன்.

புறப்படும்போது, வீட்டுக்குப் போனதும் ஒரு ரிங் அடித்து வைக்கச் சொன்னார். எடுக்க மாட்டாராம், காசு மிச்சம். எங்கள் ஊர்ப் புத்தி இவருக்கு எப்படி வந்தது?

அக்டோபர் 25, சனி

பெக்டன் பார்க்ரன், ஐந்து கிலோமீற்றர் ஓட்டம். ஓடவில்லை, கடைசி ஆளாக நடந்தேன். யாருடைய பெயரும் 'கடைசி' என்று போகக்கூடாது என்பதற்காகவே ஒரு தொண்டர் எல்லோருக்கும் பின்னால் வருகிற ஏற்பாடு. 2004-இல் புஷி பார்க்கில் 13 பேருடன் தொடங்கியதில் எனக்குப் பிடித்த விசயம் இதுதான். எனக்கு முன்னால் முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்த ஒரு பெண் வந்தாள். ஐந்து கிலோமீற்றரும் மருமகளைப் பற்றிய முறைப்பாடு. ஓடியிருந்தால் அரை மணித்தியாலத்தில் தப்பியிருப்பேன்.

அக்டோபர் 30, வியாழன்

போன ஞாயிறு நேரத்தைப் பின்தள்ளினார்கள். கோச் வீட்டுச் சுவர் மணிக்கூடு மட்டும் நாலு நாளாகக் கோடையிலேயே நிற்கிறது. கதிரையில் ஏற அவருக்குத் தடை. ஆறரைக்குப் போனேன். "ஏழரை, ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டாய்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கதிரையில் நான் ஏற, அதை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கதிரை ஆடினால் அவரும் சேர்ந்துதான் விழுவார். ஆனால் பிடி கப்பற்காரர் பிடி. முள்ளைத் திருப்பி, கண்ணாடியில் ஒட்டியிருந்த சமையல் புகையைச் சேலைத் துணி மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று தேடி, கடைசியில் என் ரீசேர்ட் நுனியால் துடைத்தேன்.

இரண்டு நிமிச வேலை. இதற்கு யாரையும் கூப்பிட முடியாது. கூப்பிடக் கூச்சப்படாத ஒருவர் ஏற்கெனவே வீட்டுக்குள் நிற்க வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. குழு போனது, நான் போகவில்லை.

நவம்பர் 13, வியாழன்

இன்றும் போகவில்லை. வேலை முடிந்து வர ஆறு மணி. ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்தவள் எழும்பவில்லை. இருட்டு, குளிர், நாரி நோவு என்று காரணங்களை வரிசையாக அடுக்கினேன். ஏழரைக்குத் தொலைபேசி எடுத்தேன். "பரவாயில்லை லவ்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. குழு ஓட்டத்துக்குப் போகாவிட்டால் ஒன்பது பேர் எட்டுப் பேர் ஆவார்கள், அவ்வளவுதான். இங்கே ஒன்று பூச்சியமாகிவிடுகிறது.

நவம்பர் 20, வியாழன்

போனேன். போன கிழமையைப் பற்றிக் கோச் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றும்போது மட்டும், "அன்றைக்குக் கேத்தலை இரண்டு தரம் கொதிக்கவைத்தேன்" என்றார். ஏச்சு வாங்கியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

திரும்பி வேகமாக ஓடினேன். ரிங் அடித்து வைத்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

கேத்தல் கொதிக்கும்வரை மேசையில் சும்மா கண் போனது. மின்சாரக் கட்டணக் கடித உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய எண்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. 29, 28, 27, 27. அடுத்த இடத்தில் எண் இல்லை, ஒரு கோடு. அதற்குக் கீழே 27, பிறகு 31.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். நான் கதவால் இறங்கும் நேரத்தை அதில் குறித்து, ரிங் வந்த நேரத்தில் கழித்திருக்கிறார்.

தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, பென்சில் முனையால் 31-ஐத் தட்டினார்.

"பெற்றோல் நிலையத்திலிருந்து நடந்தாயா?"

"சிக்னல் சிவப்பு" என்றேன்.

ஒரு விமானம் போனது. போகும்வரை பொறுத்திருந்தார்.

"நாலு நிமிசச் சிவப்பா?"