மழை இல்லையா, பதிலே இல்லையா?

போனில் ‘27 டிகிரி’ என்று தெரிகிறதே, அது அப்படியே வந்து விழுவதில்லை. ஓப்பன்வெதர் போன்ற சேவையிடம் இப்போதைய வானிலையை ஆப் கேட்டால், ஜேசன் என்ற வடிவில் பதில் வரும். டிரங்குப் பெட்டிக்குள் நகைப்பெட்டி இருப்பது போல, பெட்டிக்குள் பெட்டி. ‘மெயின்’ பெட்டிக்குள் ‘டெம்ப்’ இருக்கும், அதில் 300.15 என்றிருக்கும். தனியாகச் சொல்லாவிட்டால் சேவை கெல்வினில்தான் பேசும் (வீட்டில் யார் கெல்வினில் ஜுரம் பார்க்கிறார்கள்!). 273.15-ஐக் கழித்தால் 27. ‘வெதர்’ என்பதோ ஒரு பட்டியல். மழையும் மூடுபனியும் ஒன்றாக இருக்கலாம் அல்லவா?

வம்பே ‘ரெயின்’ பெட்டியில்தான். மழை பெய்தால் மட்டுமே அது வரும். மழைநாளில் சோதித்து எழுதிய ஆப், வெயில் நாளில் இல்லாத பெட்டியைத் திறக்கப்போய் அப்படியே நின்றுவிடும். அதற்குப் பயந்து, ‘பெட்டி இல்லையா, மழை இல்லை என்று காட்டு’ என எழுதிவிடுகிறார்கள் சிலர். இது அதைவிட மோசம். ஆப் அனுப்பும் சாவி தவறாக இருந்தால் 401 என்ற எண்ணும் ஒரு வரிப் புகாரும்தான் திரும்பி வரும். அதிலும் ‘ரெயின்’ இருக்காது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அதைப் பார்த்துவிட்டு, ‘ஊர்ல மழை இல்லம்மா, நெல்லைக் காயப் போடு’ என்று சொல்லிவிடுவாள்.

பெட்டிகளைத் திறக்குமுன் பதிலின் எண் 200தானா என்று பார்க்க வேண்டும். ஆமென்றால், ‘ரெயின்’ இல்லாதது மழை இல்லாததுதான். இல்லையென்றால், ‘தகவல் கிடைக்கவில்லை’ என்று திரையில் போட இரண்டு வரி நிரல் போதும்.