இரு ஒளியில் ஒரு கல்

நவரத்தினங்களுள் ஒன்றாகிய வைடூரியத்தை ஆன்மிக அன்பர்கள் நன்கறிவர். பூனைக்கண் போல ஒளிக்கோடு ஓடும் அந்தக் கல்லுக்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் அலெக்சாண்டிரைட். இரண்டும் கிரிசோபெரில் என்னும் ஒரே கனிமத்தின் வகைகள். 1830-களில் ருஷ்ய நாட்டின் யூரல் மலைப் பகுதியில் கண்டறியப்பட்ட இக்கல், பின்னாளில் இரண்டாம் அலெக்சாண்டர் என முடிசூடிய இளவரசரின் பெயரைப் பெற்றது. இலங்கையின் இரத்தினபுரி வட்டாரத்திலும், நம் நாட்டில் ஒடிசா, ஆந்திரம் முதலிய பகுதிகளிலும் இது கிடைக்கிறது.

பகலில் பச்சை, விளக்கொளியில் சிவப்பு என்பதே இக்கல்லின் சிறப்பு. இதில் மாயம் ஏதுமில்லை. மாணிக்கத்துக்குச் சிவப்பையும் மரகதத்துக்குப் பச்சையையும் தருகின்ற குரோமியமே இக்கல்லினுள்ளும் சிறிதளவு கலந்திருக்கிறது. அதனால் கல் மஞ்சள் ஒளியை உறிஞ்சிக்கொண்டு, பச்சையையும் சிவப்பையும் வெளியே விடுகிறது. பகலொளியில் பச்சை மேலோங்குகிறது. சுடரொளியில் சிவப்பு மிகுந்திருப்பதால் கல்லும் சிவக்கிறது.

இதன் தரத்தை மதிப்பிடுவோர் முதலில் நோக்குவது நிறமாற்றத்தின் முழுமையை. கல்லின் ஒரு மூலையில் மட்டும் நிறம் மாறுவது போதாது. முகம் முழுவதும் மாற வேண்டும். அடுத்தது, அந்த இரு நிறங்களின் தூய்மை. பகலில் தெளிந்த பச்சையாக விளங்கிய கல், விளக்கின் முன் பழுப்பேறி மங்கினால் மதிப்புக் குறையும். இரண்டு ஒளியிலும் அழகு குன்றாத கல்லே உயர்ந்தது. அதன் பின்னரே உட்குறைகள், பட்டை தீட்டிய நேர்த்தி, எடை ஆகியன வரும். எடை மிகுந்த நல்ல கல் மிக அரிதாதலால், எடை கூடும்போது ஒரு காரட்டின் விலையும் கூடவே உயர்கிறது.

இந்தச் சோதனைக்கு வீட்டுப் பூஜையறையே போதும். காலையில் வெயில் நேரே படாத தாழ்வாரத்தில் கல்லைப் பார்க்க வேண்டும். மாலையில் மின்விளக்கை அணைத்துவிட்டு, நெய்விளக்கின் அருகில் வைத்து மீண்டும் பார்க்க வேண்டும். கடைகளின் வெண்ணிற மின்விளக்கு மட்டும் உண்மையைச் சொல்லாது.

ஆயினும் நிறம் மாறுவதெல்லாம் அலெக்சாண்டிரைட் ஆகிவிடாது. வனேடியம் சேர்த்து உருக்கி வளர்த்த செயற்கைக் குருந்தக் கல்லும் நிறம் மாறும். சாம்பல் கலந்த நீலத்திலிருந்து ஊதாவுக்குச் செல்லும். உருப்பெருக்கியின் கீழ் அதில் வளைந்த கோடுகள் தென்படும். உண்மையான அலெக்சாண்டிரைட்டையே செயற்கையாக வளர்ப்பதும் உண்டு. அதை வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது. இரத்தினப் பரிசோதனைக்கூடத்தின் சான்றிதழே துணை.

கணவர் இலங்கையிலிருந்து வாங்கிவந்த மோதிரத்தை அம்பாளுக்குக் காணிக்கையாக்க விரும்பினார் ஒரு மூதாட்டி. அரிய கல் என்றே குடும்பத்தார் ஐம்பது ஆண்டுகளாகப் போற்றிவந்தனர். பரிசோதனையில் அது செயற்கைக் குருந்தம் என்று தெரிந்தது. வெளியில் சொல்ல வேண்டாம் என்றார் மகன். மூதாட்டி இசையவில்லை. "உள்ளதை உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள்" என்று கூறி, பதிவேட்டில் செயற்கைக் கல் பதித்த மோதிரம் என்றே எழுதச் செய்து ஒப்படைத்தார். பொன்னின் எடை குறைவுதான். அந்தப் பதிவில் பொய் இல்லை.

பரிகாரம் என்ற பெயரில் முதியோரின் சேமிப்பைக் கரைக்கும் விற்பனையாளர் பெருகிவரும் காலம் இது. அலெக்சாண்டிரைட் நவரத்தின வரிசையில் இடம்பெற்றதன்று. அழகுக்காக வாங்குவோர் வாங்கட்டும். அச்சத்தினால் எவரும் வாங்க வேண்டியதில்லை.

ஒளி மாறும்போது கல்லின் உட்பொருள் மாறுவதில்லை. மனித வாழ்விலும் செல்வம் என்னும் பகல் உண்டு. துன்பம் என்னும் இருளில் ஏற்றிய சிறுவிளக்கும் உண்டு. பகலில் இன்சொல் பேசுவோர் பலர். இருள் சூழ்ந்த வேளையிலும் மங்காமல் ஒளிர்பவரே இறைவன் திருவடியில் வைக்கத்தக்க இரத்தினம்.