கண்ணாடியைக் கழற்றுதல்

திருவொற்றியூர்க்காரனுக்கு பைக் புது சங்கதி இல்லை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியோடு புல்லட் செய்யக் கைகோத்தது. அதற்கான தொழிற்சாலை எழுந்தது இங்கேதான். ரேஸும் அப்போது தூரத்தில் இல்லை. மணலி, மாதவரம், செங்குன்றம் தாண்டினால் சோழவரம். உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருடம் பந்தயம் நடத்தியது. பிறகு 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் தடம் வந்தது. பந்தயம் ஊருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கம் மிஞ்சியது எண்ணூர் விரைவுச் சாலையும் ராத்திரியும்.

அந்தச் சாலையில்தான் நான் ஓட்டக் கற்றேன். துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசை, அதன் இடுக்கிலிருந்து திடீரென்று வெளியே வரும் மீன் வண்டி, காற்றில் வந்து படியும் மணல். இரண்டு விரல் எப்போதும் பிரேக்கில் இருக்கும். ஒரு கண் பள்ளத்தில், ஒரு கண் கண்ணாடியில். என்னோடு பத்தாவது படித்த ஒருவன் ட்ரெய்லரின் பின் சக்கரத்தில் போனான். அதன் பிறகு எங்கள் செட்டில் யாரும் பின்னால் பார்க்காமல் பாதை மாறியதில்லை.

டிராக் டே என்பது பந்தயம் இல்லை. பணம் கட்டி, உங்கள் சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டலாம். வேகத்தைப் பார்த்துக் குழுவாகப் பிரிப்பார்கள். பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டம், பிறகு ஓய்வு, மறுபடி ஓட்டம். கோப்பை கிடையாது. என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய அப்பாச்சி ஆர்டிஆர் 200. மணலிக்கு ஷிப்ட் போவதும் அதில்தான். தடத்துக்கு வேன் வைத்து ஏற்றிப்போக வசதியில்லை. ஓட்டிக்கொண்டே போய், ஓட்டிக்கொண்டே திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் திங்கட்கிழமை பஸ்.

அதனால் வேகம் கூட்டும் சாமான் எதுவும் வாங்கவில்லை. முதல் செலவு பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். சாலையில் அது தெரியாது. தடத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் அழுத்திப் பிடிக்கும்போது சூடேறி, அந்த ஈரம் கொதித்துக் குமிழி விடும். லீவர் பொசுக்கென்று கைப்பிடி வரை வந்துவிடும். பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புது டாட் 4 ஊற்றினோம், பேடு மாற்றினோம். செயின் தொய்வு, கோன்செட் ஆட்டம், சக்கர பேரிங், ஆக்சில் நட் எல்லாம் பார்த்தாயிற்று. தண்ணீரில் குளிரும் எஞ்சின் என்றால் கூலன்ட்டை இறக்கிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். கூலன்ட் தரையில் சிந்தினால் பின்னால் வருபவன் வழுக்குவான். என் வண்டி ஆயிலில் குளிர்வது, அந்த வேலை மிச்சம். ஆனால் எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுகூடக் கசியக் கூடாது. டயர் ஓடி ஓடிச் சூடேறும்போது உள்ளே அழுத்தமும் ஏறும். அதனால் காற்றைக் கொஞ்சம் இறக்குவதைத் தடத்தில் வைத்துக்கொண்டேன். திரும்பும்போது மறுபடி ஏற்ற வேண்டும்.

கடைசி வேலை, விளக்குகளுக்கு டேப் ஒட்டுவதும் கண்ணாடியைக் கழற்றுவதும். உடைந்தால் சில்லு தடத்தில் சிதறக் கூடாது. இதைச் சொன்னதும் மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னா தம்பி, மிரரக் கழட்டிட்டா பின்னாடி எவன் வரான்னு எப்டி தெரியும்?”

“தெரியத் தேவையில்லண்ணா. பின்னாடி வர்றவன்தான் நம்மளப் பாத்துக்கணும்.”

“எந்த ஊர்ல?”

தடத்தின் முதல் விதி அதுதான். முந்துகிறவன்தான் பொறுப்பு. முன்னால் போகிறவன் தன் கோட்டில் போக வேண்டும், பின்னால் பார்த்துக் கோணலாக ஒதுங்கக் கூடாது. எதிரே வண்டி வராது. மஞ்சள் கொடி காட்டினால் யாரும் முந்த மாட்டார்கள், சிவப்பு என்றால் எல்லாரும் வேகம் குறைத்து உள்ளே வருவார்கள். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். எங்கள் சாலையில் என் உயிருக்கு நான் ஒருவன்தான் காவல். இங்கே அதைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வண்டியைத் தயார் செய்ய இரண்டு சாயங்காலம் போதும். இதை நம்புவதற்கு என்னைத் தயார் செய்யத்தான் ஒரு மாதம் பிடித்தது.

உடம்புக்கு தோப்புக்கரணம். பாரம் தொடையிலும் டேங்கைப் பிடிக்கும் முட்டியிலும் இருந்தால்தான் கை லேசாக இருக்கும். தோல் சூட்டும் பூட்ஸும் வாடகைக்கு எடுத்தேன். சென்னை வெயிலில் அதற்குள் இருப்பது இட்லிப் பானைக்குள் இருப்பது மாதிரி. முந்தின நாளே தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

கடினமானது கண். கீத் கோட் என்கிற அமெரிக்கப் பயிற்சியாளர் 1983-இல் எழுதிய புத்தகத்தில், கவனத்தைப் பத்து டாலர் நோட்டாகக் கற்பனை செய்யச் சொல்கிறார். பயத்துக்கு ஐந்து செலவானால் ஓட்டுவதற்கு ஐந்துதான் மீதி. என் நோட்டு முழுக்கப் பள்ளத்துக்கும் கண்ணாடிக்கும் போய்க்கொண்டிருந்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறோம்; முன் சக்கரத்துக்கு எதிரே பார்ப்பவன் ஏற்கெனவே கடந்துபோனதைத்தான் பார்க்கிறான். வளைவின் உள்முனையைப் பார், வண்டி அங்கே சேரும் முன்பே வெளியேறும் இடத்தைப் பார். ஷிப்ட் முடிந்து வரும்போது தினமும் மெதுவாக ஓட்டி, தூரத்தில் இருக்கும் கம்பத்தைப் பார்த்துப் பழகினேன்.

தடத்தில் முதல் செஷன் முழுக்கத் தோள் இறுகியே இருந்தது. சத்தம் கேட்கும்போதெல்லாம் கண் கண்ணாடி இருந்த இடத்துக்குப் போனது. ஒரு பெரிய வண்டி என்னை வெளிப்பக்கமாக, ஒரு லாரி அகலம் இடம் விட்டுக் கடந்து போனது. ஹார்ன் இல்லை, முறைப்பு இல்லை. மூன்றாவது செஷனில் தோள் இறங்கியது. அன்றைக்கு நான் எவ்வளவு வேகம் போனேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. பைக்கில் உட்கார்ந்து இருபது நிமிடம் யாருக்கும் பயப்படாமல் இருந்தேன், அது தெரியும்.

சாயங்காலம் காற்றை ஏற்றி, டேப்பைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பினேன். மறுநாள் மெக்கானிக் அண்ணன் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அவர் மகன் ராத்திரியில் பாலத்துப் பக்கம் வீலிங் அடிப்பது ஏரியாவுக்கே தெரியும்.

“அடுத்த வாட்டி போறப்ப இவனையும் இட்டுனு போ.”

இப்போது அவனுக்கு பூட்ஸ் தேடிக்கொண்டிருக்கிறேன். வாடகைக்குக் கிடைக்கிற சூட் எல்லாம் அவனுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. பதினெட்டு முடிந்து நாலு மாதம்தான் ஆகிறது.