நீர் நில்லாத கால்வாய்

அயர்லாந்தின் மேற்கே, மேயோ மாவட்டத்தில், காங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மாஸ்க், காரிப் என்னும் இரு பேரேரிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் அமைந்தது. ஐரிஷ் மொழியில் ஊர்ப் பெயரின் பொருளே ‘இடுக்கு’ என்பதுதான். கால்வே நகரில் பணியாற்றும் என் மகளைக் காணச் சென்றபோது ஒரு நாள் முழுவதும் அங்கே கழித்தேன்.

ஊருக்குள் எங்கு திரும்பினாலும் ஒரு திரைப்படத்தின் பேச்சுத்தான். 1951-இல் ஜான் ஃபோர்டு ‘தி குவைட் மேன்’ படத்தை இங்கே எடுத்தார். அமெரிக்காவில் வளர்ந்தவன் ஊர் திரும்பித் தான் பிறந்த குடிசையை விலைக்கு வாங்குகிறான்; பிறகு காதலும் கைகலப்பும். நாயகியைத் தூக்கி நிற்கும் நாயகனுக்கு வெண்கலச் சிலையே வைத்திருக்கிறார்கள். அக்குடிசையைப் போலவே ஒன்றைக் கட்டிக் காட்சியகமும் ஆக்கியிருக்கிறார்கள். படத்தில் தோன்றிய மெய்யான குடிசையோ, சில மைல் தொலைவில், மாம் என்னும் ஊருக்கு அருகே, பல்லாண்டுகளாகப் பாழடைந்து கிடந்தது!

பன்னிரண்டாம் நூற்றாண்டின் மடாலயம் ஒன்றும் இங்கு உண்டு. அயர்லாந்தின் கடைசிப் பேரரசர் எனப்படும் ரோரி ஓ’கானர் தம் இறுதி நாட்களை அங்கே கழித்து, 1198-இல் மறைந்தார். அருகே ஆற்றின்மேல் துறவியர் கட்டிய சிறு மீன்பிடி வீடு நிற்கிறது. தரையில் ஒரு துளை. மீன் சிக்கியதும் கயிற்றின் வழியே சமையலறையில் மணி ஒலிக்குமாம். துறவியருக்கும் பசி உண்டல்லவா?

ஆயினும் என்னை நிறுத்திவைத்தது ஊருக்கு வெளியே உள்ள வறண்ட கால்வாய்தான். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும்பஞ்சம் மூண்டது. ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறினர். அக்காலத்தில், 1848-இல், இரு ஏரிகளையும் இணைத்துப் படகு விடலாம் என்று இக்கால்வாயை வெட்டத் தொடங்கினர். வெட்டியவர்கள் பசித்த மக்கள். ஆனால் இப்பகுதி முழுவதும் துளை நிறைந்த சுண்ணாம்புப் பாறை. மாஸ்க் ஏரியின் நீரே நிலத்தடி வழியாக ஓடிக் காங் ஊரில்தான் ஊற்றெடுக்கிறது. அத்தரையில் கால்வாய் நீர் எங்ஙனம் நிற்கும்? 1854-இல் பணியைக் கைவிட்டனர். செதுக்கிய கல்லால் எழுப்பிய மதகுச் சுவர்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. மழைக்காலத்தில் சிறிது நீர் வரும். நான் கண்டபோது புல்தான் இருந்தது.

கப்பலேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. படத்தின் நாயகன் கையில் பணத்தோடு வந்தான். அவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏது?

அம்பாசமுத்திரத்துப் பக்கம் உள்ள எங்கள் பூர்விக வீட்டை விற்கக் கையொப்பம் கேட்டுத் தம்பி எழுதியிருந்தான். அவனுக்கும் கடன் நெருக்கடி உண்டு, குறை சொல்வதற்கில்லை. மதகுச் சுவரில் அமர்ந்திருந்தபோது மகள் கேட்டாள்: “அப்பா, நம் வீட்டை விற்றுவிடுவீர்களா?”

புனே திரும்பியதும் தம்பிக்கு எழுதினேன். அவன் பங்குக்குரிய தொகையை நானே மூன்று தவணையில் தருகிறேன். மழைக்கு முன் ஓட்டை மட்டும் மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.