இரண்டு நடை போனால் என்ன?

எங்கள் பகுதியில் வீதியோரம் சற்று நேரம் நின்றாலே போதும். போகிற மோட்டார் சைக்கிளின் சுமையைப் பார்த்து, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். உரப்பையில் நெல் போனால் மில்லுக்கு. றெஜிபோம் பெட்டி போனால் மீன் வியாபாரம். இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான் தொங்கினால் அந்த வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர் இல்லை. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் ஊடாக முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ35 வீதியில் இப்படிச் சுமையோடு போகிறவர்களில் பெண்களும் நிறையப் பேர்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ‘பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்’ என்பது எனக்கு ஒரு பாடத் தலைப்பு. இங்கே பணிக்கு வந்த பின் அது இரண்டு சில்லுகளில் ஓடுவதைக் கண்டேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், சந்தைக்குச் சாமான் கொண்டுபோவதும், அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதும் அந்த ஒரு ஸ்கூட்டிதான். அது சாய்ந்தால் குடும்பம் சாயும்.

எங்கள் மாதர் சங்கத்து அக்கா ஒருவர் கடற்கரையில் மீன் எடுத்து உட்கிராமங்களுக்குக் கொண்டுபோய் விற்பவர். ஒருநாள் மீன் மலிவாகக் கிடைத்தது. வழமையான பெட்டிக்கு மேலே இன்னொரு பெட்டியை அடுக்கி, தராசைக் கைபிடியில் தொங்கவிட்டுப் புறப்பட்டார். தார் வீதியிலிருந்து கிரவல் ஒழுங்கைக்குத் திரும்பும்போது முன்சில்லு வழுக்கியது. வேகம் அதிகமில்லை. ஆனால் மேற்பெட்டி சரிந்து அவரையும் சேர்த்து விழுத்தியது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. மீன் கொட்டுண்டது ஒருநாள் நட்டம். உழைப்பு நின்றது ஆறு வார நட்டம். நுண்கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. மூத்த மகள் பல நாட்கள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் சமைத்தாள்.

பார்க்கப் போனபோது, “ஏனக்கா இவ்வளவு பாரம்?” என்று கேட்டேன். “ஒரே நடையில முடிச்சிடலாம் எண்டுதான் தங்கச்சி” என்றார்.

இந்த ‘ஒரே நடை’யை வெறும் அவசரம் என்று நான் நினைக்கவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது பெற்றோல். 2022 ஜூனில் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. அந்த வருடமே கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். ஒவ்வொரு துளியையும் கணக்குப் பார்க்க அப்போது பழகினோம். இரண்டாவது நேரம். சமையலும் பிள்ளையும் ஆடுமாடும் வீட்டில் காத்திருக்கும் பெண்ணுக்கு, இரண்டாவது தடவை போய்வர எங்கே நேரம்?

மூன்றாவது காரணம் ஆழமானது. 2008இன் பிற்பகுதியிலும் 2009இன் முற்பகுதியிலும் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்காலுக்கு வந்த சனம், வீட்டையே வாகனத்தில் கட்டிக்கொண்டு வந்தது. உழவு இயந்திரம் வைத்திருந்தவர்கள் கூரைத் தகரத்தையும் கழற்றி ஏற்றினார்கள். மற்றவர்களுக்குச் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும்தான். மிச்சத்தைப் பிறகு வந்து எடுக்கலாம் என்று நினைக்க அன்று வழியில்லை. விட்டது விட்டதுதான். ஒவ்வோர் இடத்திலும் சுமை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் 2009 மே மாதத்தில் வாகனங்களையும் விட்டுவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி வட்டுவாகல் பக்கம் நடந்தார்கள். மீள்குடியேற வந்தபோது அந்தச் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் துருப்பிடித்துக் குவிந்து கிடந்தன.

அன்று ‘ஒரே நடை’ என்பது உயிர் தப்பும் கணக்கு. இன்று அதே கணக்கு உயிருக்கு ஆபத்தாகிறது. வீதி திறந்திருக்கிறது. பொருள் அங்கேயே இருக்கும். நாம் திரும்பிப் போய் எடுக்கலாம். இதை மனம் நம்புவதற்குத்தான் கொஞ்சக் காலம் பிடிக்கிறது.

பாரம் ஏற்றுவதில் எங்கள் பெண்கள் கெட்டிக்காரிகள். ஆனாலும் சில விடயங்களை எமது கூட்டங்களில் திரும்பத் திரும்பப் பேசுகிறோம்.

ஒவ்வொரு வாகனத்துக்கும் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று அதன் கைநூலில் இருக்கும். எம்மிடம் உள்ள சிறிய ஸ்கூட்டிகள் பலவற்றுக்கு அது 130 கிலோ அளவில்தான். ஓட்டுபவரின் நிறையும் அதற்குள் அடக்கம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் 55 கிலோ, பின்னால் இருக்கும் பிள்ளை 30 கிலோ என்றால், மிச்சம் 45 கிலோதான். 50 கிலோ நெல் மூட்டையையும் பிள்ளையையும் ஒன்றாக ஏற்ற முடியாது. 20 லீற்றர்த் தண்ணீர்க் கான் 20 கிலோ. சமையல் வாயு 12.5 கிலோ என்றாலும் சிலிண்டரின் இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய அதன் இருமடங்கு. அதைப் படுக்கவைத்துக் கட்டவே கூடாது.

எவ்வளவு என்பதைப் போல எங்கே என்பதும் முக்கியம். பாரமான பொருள் தாழ்வாகவும் இருக்கையை ஒட்டியும் இருக்க வேண்டும். இலேசானதே மேலே. பின்சில்லைத் தாண்டிப் பாரம் நீண்டால் முன்சில்லு தரையை அழுத்தாது, கைபிடி இலேசாகி ஆடும். மருத்துவ மாணவராக இருந்த சே குவேரா 1952இல் நண்பர் அல்பேர்ட்டோவுடன் பழைய நோர்ட்டன் மோட்டார் சைக்கிளில் தென்னமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டபோது அடிக்கடி விழுந்தெழும்பினார். பாரம் பின்அச்சுக்கு அப்பால் இருந்ததால் முன்சில்லு எழும்பியது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆர்ஜென்டீனாவின் மணல் வீதியானாலும் எங்கள் கிரவல் ஒழுங்கையானாலும் விதி ஒன்றுதான்.

இரண்டு பக்கமும் பாரம் சமமாக இருக்கட்டும். கானை நிறைத்து இறுக்கி மூடுங்கள். அரைவாசித் தண்ணீர் வளைவில் தளம்பி வாகனத்தை இழுக்கும். கைபிடியில் எதையும் தொங்கவிட வேண்டாம். புறப்படுமுன் கைபிடியை இடமும் வலமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். காலை வைக்க இடமிருக்க வேண்டும். பின்விளக்கு மறையக்கூடாது.

கட்டுவதற்குப் பழைய சைக்கிள் ரியூப்பை விட நல்லது கிடையாது. ஆனால் வெடித்த ரியூப் வேண்டாம். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கட்டுப் போட்டு, நுனியைச் செருகிவிடுங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, கயிற்று நுனி ஆகிய மூன்றும் சில்லுக்குள் போய்ச் சுற்றக்கூடியவை. இரண்டு மூன்று கிலோமீற்றர் போனதும் நிறுத்தி, கட்டை ஒருக்கால் இழுத்துப் பாருங்கள். உரப்பை குலுங்கிப் படிந்தால் கட்டுத் தளர்ந்துவிடும்.

சுமை கூடினால் பிறேக் பிடித்தும் வாகனம் கூடிய தூரம் ஓடித்தான் நிற்கும். ஆகவே வேகத்தைக் குறையுங்கள். பின்ரயரின் காற்றைக் கைநூலில் உள்ளபடி கூட்டுங்கள். வட்டுவாகல் போன்ற வெளியான இடத்தில் வாடைக்காற்று உயரமான பொதியைப் பிடித்துத் தள்ளும். அங்கே மாரியில் பழைய பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் சுமையோடு இறங்கவே வேண்டாம். பிள்ளையைச் சுமைக்கு மேலே இருத்துவதும், ஸ்கூட்டியின் முன்தட்டில் நிற்கவைப்பதும் வேண்டாம். பின்னால் ஒருவரைத்தான் ஏற்றலாம் என்பது சட்டம். தலைக்கவசம் இருவருக்கும் வேண்டும்.

இவையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் போதுமா? பெற்றோலுக்குப் பணமும் நேரமும் இல்லாதவளிடம் ‘இரண்டு தடவை போ’ என்பது இலகுவான அறிவுரை. அதனால் எங்கள் சங்கத்தில் ஓர் ஏற்பாடு செய்தோம். பாரமான சாமான்களைக் கிழமையில் ஒருநாள் ஐந்தாறு வீட்டுக்குச் சேர்த்து லான்ட்மாஸ்டரில் ஏற்றுவிக்கிறோம். கூலியைப் பங்கிடும்போது தனித்தனியே போகும் பெற்றோல் செலவை விடக் குறைவாகவே வருகிறது. ஒருத்தி சந்தைக்குப் போனால் இன்னொருத்தி அவளுடைய பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருகிறாள். அந்த அக்காவும் இப்போது ஒரு பெட்டி மீனோடுதான் போகிறார். மீதியைச் சங்கத்து இன்னொரு பெண் கொண்டுபோய் விற்கிறார். உழைப்பு இரண்டு வீட்டுக்கும் பிரிகிறது.

சகோதரிகளே, கட்டி முடித்ததும் கைநூல் என்ன சொல்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். நான் விழுந்தால் வீட்டில் யார் சோறு போடுவார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். அதற்கு விடை இல்லையென்றால் ஒரு பையை இறக்கி வையுங்கள். அதை நாளைக்கு எடுக்கலாம்.