அறுபது வயது டிராக்டர்... இன்றைக்கும் புல் வெட்டுகிறது!

விஸ்கான்சின் கொட்டகையில் பார்த்த பராமரிப்புப் பாடம்

அமெரிக்காவின் வடக்கே, மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது விஸ்கான்சின் மாநிலம். கார்களின் நம்பர் பிளேட்டிலேயே 'அமெரிக்காவின் பால் நாடு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம், சோயா, குதிரைமசால். நடுநடுவே சிவப்புச் சாயம் பூசிய மாட்டுக்கொட்டகைகள். மில்வாக்கி நகரத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு ஒரு ஜூன் மாதம் போயிருந்தேன். அந்த ஊருக்குப் போகும் விவசாயிகள் பெரும்பாலும் ராட்சத டிராக்டர்களைப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். என் கண் போனதோ, வீட்டு வாசல்களில் ஓடிக்கொண்டிருந்த சின்ன வண்டிகள் மேல்.

'கார்டன் டிராக்டர்' என்று சொல்கிறார்கள். நம் ஊர் மினி டிராக்டரைவிடச் சின்னது. 1960, 70-களில் வந்த வண்டிகளில் பெரும்பாலும் 7 முதல் 16 ஹெச்.பி. வரையிலான ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்தான். தண்ணீர் கிடையாது, காற்றிலேயே குளிரும். வண்டியின் வயிற்றுக்கு அடியில் கவிழ்த்த தாம்பாளம் போல இரும்புத் தகட்டில் ஒரு கூடு தொங்கும். அதற்குள் இரண்டு, மூன்று பிளேடுகள் சுற்றிப் புல்லை வெட்டும். அதுதான் 'மோயர் டெக்'. அதைக் கழற்றிவிட்டுக் கலப்பை மாட்டலாம், ரோட்டவேட்டர் மாட்டலாம். குளிர்காலத்தில் பனி தள்ளும் பலகை மாட்டலாம். வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் புல்தரை வைத்திருக்கும் கிராமத்துக் குடும்பங்களுக்கு வருஷம் முழுக்க வேலை செய்யும் வண்டி இது.

ஒரு நாள் பயணத்தில் நான்கு ஊர்கள்

இந்த வண்டிகளின் வரலாற்றில் பெரிய பங்கு, காரில் ஒரே நாளில் சுற்றிவிடக்கூடிய தூரத்துக்குள் இருக்கிறது. மில்வாக்கியில் 1908-ல் தொடங்கியது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின் நிறுவனம். அங்கிருந்து ஏரிக்கரையோரமாகவே சுமார் 40 கி.மீ. வடக்கே போனால் போர்ட் வாஷிங்டன். மீன்பிடித் துறைமுகமும் கலங்கரை விளக்கமும் உள்ள சின்ன ஊர். சிம்ப்ளிசிட்டி, போலன்ஸ் என்ற இரண்டு கார்டன் டிராக்டர் கம்பெனிகளும் இந்த ஒரே ஊரில்தான் இருந்தன. மில்வாக்கியை ஒட்டிய வெஸ்ட் அல்லிஸில் இருந்த அல்லிஸ் சால்மர்ஸ், 1965-ல் சிம்ப்ளிசிட்டியை வாங்கியது. ஒரே வண்டியை இரண்டு நிறத்தில், இரண்டு பெயரில் விற்றார்கள். அதனால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

இன்னும் சுமார் 45 கி.மீ. வடக்கே கோலர் என்ற ஊர். குளியலறைக் குழாய்களில் நாம் பார்க்கும் அதே கோலர் கம்பெனிதான். ஆரம்பத்தில் அவர்கள் விவசாயக் கருவிகள் செய்த வார்ப்பாலைக்காரர்கள். 1883-ல், கால்நடைக்கான வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, 'நான்கு கால் வைத்தால் குளிக்கும் தொட்டியாகவும் பயன்படும்' என்று விற்றதிலிருந்துதான் குளியலறை வியாபாரம் பிறந்தது. பின்னாளில் அவர்கள் செய்த வார்ப்பிரும்பு 'கே' வரிசை இன்ஜின்கள், கார்டன் டிராக்டர்களின் இதயமாகவே ஆகிவிட்டன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் முதல் கப் கேடட் வண்டியில் 1961-லும், ஜான் டீரின் முதல் கார்டன் டிராக்டரான '110' மாடலில் 1963-லும் இருந்தது கோலர் இன்ஜின்தான்.

அந்த 110 பிறந்த ஊர், மேற்கே உள்ள ஹோரிகான். காட்டு வாத்துகள் வந்து இறங்கும் மாபெரும் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. விதைப்புக் கருவிகள் செய்துகொண்டிருந்த வான் பிரண்ட் கம்பெனியை 1911-ல் வாங்கித்தான் ஜான் டீர் அங்கே கால் பதித்தது.

போர்ட் வாஷிங்டனில் சிம்ப்ளிசிட்டி ஆலை 2008-ல் மூடப்பட்டது. ஆலை போய்விட்டது, வண்டிகள் போகவில்லை. எப்படி என்று பார்க்கத்தான் ஊருக்கு வெளியே இருந்த ஒரு கொட்டகைக்குப் போனேன்.

கொட்டகையில்...

அவர் ஓய்வுபெற்ற பால் பண்ணைக்காரர். எழுபதைத் தாண்டியவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மாடு கட்டிய இடத்தில் இப்போது ஒன்பது பழைய கார்டன் டிராக்டர்கள் நிற்கின்றன. சுவரில் கரியால் எண்கள் எழுதியிருந்தார். ஒவ்வொரு வண்டிக்கும் பெல்ட் எண், பேரிங் எண், ஆயில் அளவு. "என் கண்ணாடி தொலைந்தாலும் சுவர் தொலையாது" என்று சிரித்தார்.

நான் போனபோது ஒரு டெக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதல் வேலையாக ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கித் தள்ளிக் கட்டினார். பிளேடைக் கையால் சுற்றினாலே சில நேரம் இன்ஜின் உதைத்துக் கிளம்பிவிடும். வெட்டும்போது பிளேடின் நுனி மணிக்கு 200 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் சுற்றுகிறது. இந்தக் காலத்து வண்டியில் சீட்டை விட்டு எழுந்தால் தானாக நிற்கும் வசதி உண்டு. 60-களின் வண்டிகளில் அது கிடையாது. "பழைய வண்டி மன்னிக்காது" என்றார்.

அடுத்து, டெக்கைக் கவிழ்த்துக் காய்ந்து ஒட்டியிருந்த புல்லைத் தகட்டுக் கரண்டியால் சுரண்டினார். டெக்கின் முதல் எதிரி கல் அல்ல, ஈரப்புல். அது ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்க, தகடு உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டையாகிறது. ஒவ்வொரு முறையும் சுரண்டிவிட்டால் தகடு பல பத்தாண்டுகள் தாங்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினால், அது பேரிங்குக்குள் புகுந்துவிடும் என்பதால் அவர் அதைச் செய்வதில்லை. ஓட்டை விழுந்த இடத்தை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் ஒட்டுப் போட்டு வெல்டிங் வைக்கிறார். வெல்டிங் எர்த் கிளிப்பை ஒட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுகிறார். தள்ளி மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளைக் கெடுத்துவிடும்.

பிறகு பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். 'லொடக்' என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலும் அதே கதைதான். பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, ஓரத்தில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினார். 6203. நம் ஊர் வாஷிங் மெஷினிலும் சின்ன மோட்டார்களிலும் இருக்கும் அதே பேரிங்! எல்லா டெக்கிலும் இதே எண் வராது. ஆனால், பொதுவாகக் கடையில் கிடைக்கும் அளவாக இருந்தால் கம்பெனி மூடினாலும் கவலையில்லை.

பிளேடைச் சாணை பிடிக்கும்போது பழைய சாய்வு மாறாமல் பிடித்தார். சவரக்கத்தி போலக் கூராக்குவதில்லை, அப்படிச் செய்தால் முனை சீக்கிரம் மடங்கிவிடும். பிறகு பிளேடின் நடு ஓட்டையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டினார். தராசு போல எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்தை அரத்தால் கொஞ்சம் ராவினார். இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்வரை விடவில்லை. எடை ஏறுக்குமாறாக இருந்தால் அதிர்வு பேரிங்கைத் தின்றுவிடும். திரும்ப மாட்டியதும் சமதரையில் நிறுத்தி, பிளேடு நுனிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்தார். பிளேடைத் திருப்பி மறுநுனியை அதே இடத்தில் அளந்தார். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பிளேடு வளைந்துவிட்டது என்று அர்த்தம். வளைந்த பிளேடை நிமிர்த்துவதில்லை. நிமிர்த்திய இடத்தில் விரிசல் விட்டால், துண்டு தோட்டாவாகப் பறக்கும். புதிது வாங்கிவிடுகிறார்.

இன்ஜினைக் கொல்வது மூன்று

கோலர் 'கே' இன்ஜின்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவதே தெரியவில்லை. இதில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சின்னக் கரண்டி, ஆயிலை வாரி இறைக்கிறது. ஆயில் அளவு இறங்கினால் கரண்டிக்கு எட்டாது, ராடு முறிந்து பிளாக்கையே உடைத்துவிடும். அதனால் கிளப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஆயில் குச்சி பார்க்க வேண்டும். இது முதலாவது.

இரண்டாவது சூடு. சிலிண்டரின் செதில்களுக்கு நடுவே புல்லும் தூசியும் அடைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் மூடியின் அடியில் எலி கூடு கட்டிவிடும். வருஷம் ஒருமுறை தகர மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் இன்ஜின் வெந்துவிடும்.

மூன்றாவது, நின்றுபோன பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். அங்கே வழக்கமாக 10 சதவீதம் கலக்கிறார்கள். நம் ஊரில் இப்போது 20 சதவீதம். ஆகவே பவர் வீடர், புல் வெட்டும் கருவி வைத்திருப்பவர்கள், சில மாதம் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிட்டு, கார்ப்பரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

இவ்வளவையும் தாண்டி சிலிண்டர் தேய்ந்தால், லேத் பட்டறையில் போர் அடித்து ஓவர் சைஸ் பிஸ்டன் போடலாம். 10, 20, 30 'தௌ' என மூன்று அளவு உண்டு. அதாவது ஒரே இன்ஜினுக்கு மூன்று மறுபிறவி. பாயிண்ட் இடைவெளி 20 தௌ, கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் ஒன்று இருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

உரிமைக்காக ஒரு சண்டை

அதே மாநிலத்தில் புதிய பெரிய டிராக்டர் வைத்திருப்பவர்களின் கதை வேறு. கோளாறு வந்தால் ஸ்பேனர் போதாது, கம்பெனியின் மென்பொருள் வேண்டும். அறுவடை நேரத்தில் டீலரின் ஆளுக்காக வண்டி காத்து நிற்கிறது. அமெரிக்க விவசாயிகள் பல வருஷமாக 'பழுதுநீக்கும் உரிமை' கேட்டுப் போராடுகிறார்கள். 2023 ஜனவரியில் ஜான் டீர் நிறுவனமும் அமெரிக்கப் பண்ணை விவசாயிகள் கூட்டமைப்பும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே வருஷம் கொலராடோ மாநிலம், விவசாயக் கருவிகளுக்கு இதற்கான சட்டமே கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் மத்திய வர்த்தக ஆணையம், இந்த விஷயத்தில் ஜான் டீர் மீது வழக்குத் தொடுத்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய 110-ஐ எவரும் கொட்டகையில் கழற்றி மாட்டலாம். இன்றைய வண்டியை அப்படிச் செய்ய சட்டம் வேண்டியிருக்கிறது.

இது நமக்கும் வரப்போகும் பிரச்னைதான். இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, இணையதளமும் தொடங்கியது. அதில் சேர்த்த நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று.

நாம் செய்ய வேண்டியவை

* கருவி வாங்கும்போது, விலை பேசுவதற்கு முன் பாகங்களின் படமும் எண்ணும் உள்ள புத்தகத்தைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் யோசியுங்கள்.
* பெல்ட், பேரிங், பிளக், ஃபில்டர் எண்களைக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். பெல்ட்டில் உள்ள எண் அழிவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.
* நீளம் சரியாக இருக்கிறது என்று ஏதோ ஒரு பெல்ட்டைப் போடாதீர்கள். கிளட்ச் வேலையும் செய்யும் பெல்ட்டுக்குள் கெவ்லர் இழை இருக்கும். சாதாரண பெல்ட் அங்கே சீக்கிரம் கருகிவிடும்.
* பிளேடுப் பக்கம் கை போகும் முன் பிளக் ஒயரைக் கழற்றுங்கள். இதில் சமரசமே வேண்டாம்.
* வீட்டுப் பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுங்கள்.

அந்தக் கொட்டகையில் பார்த்த ஒன்பது வண்டிகளில் ஏழு, மற்றவர்கள் பழைய இரும்புக்குப் போட இருந்தவை. அவற்றில் பாதிக்கு மேல் ஒரு பேரிங்கோ பெல்ட்டோ கார்ப்பரேட்டர் சுத்தமோதான் தேவைப்பட்டது என்றார். நம் ஊர்க் கொட்டகைகளிலும் மூலையில் கிடக்கும் பவர் டில்லர், மருந்து தெளிப்பான், புல் வெட்டும் கருவிகளை இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். என்ன பழுது என்று பிடிபடாவிட்டால், கருவியின் பெயர், மாடல், வரும் சத்தம் எல்லாவற்றையும் குறித்து நம் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள்.